பெரியவர்களைப் பெற்ற சிறியவர்கள்: ஹெவி மெட்டல் மரபும் கொச்சிப் பாணியும்

1982 மார்ச் 14 அன்று கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் மெட்டாலிகா குழு முதன்முதலாக மேடை ஏறியது. அன்று வாசித்தவற்றில் சொந்தப் பாட்டு இரண்டுதான். மற்றவை எல்லாம் அப்போது அமெரிக்காவில் அதிகம் பேர் கேள்விப்பட்டிராத பிரிட்டன் குழுக்களின் பாட்டுகள். அவற்றில் பலவும் டயமண்ட் ஹெட் என்ற குழுவினுடையவை. யார் பாட்டு என்று மேடையில் சொல்லவும் இல்லை. கேட்டவர்கள் எல்லாம் மெட்டாலிகாவின் பாட்டு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

இந்த ஒரு நிகழ்ச்சியில் ஹெவி மெட்டல் மரபின் முழு வரலாறும் அடங்கியிருக்கிறது. உலகமே அறிந்த ஒவ்வொரு குழுவுக்கும் பின்னால் ஊர் அறியாத ஒரு குழு நிற்கிறது. கொச்சியின் தோப்பும்படியில் பாலம் ஏறி, வில்லிங்டன் தீவைத் தாண்டி எறணாகுளம் போகிற தூரத்துக்குள்ளேயே அப்படி ஒரு வரலாறு நமக்கும் உண்டு. அதைச் சொல்வதற்கு முன் பெரிய மரபின் பாணிகளைப் பார்த்துவிடுவோம்.

மூன்று பாணிகள்

முதலாவது, கனத்த பாணி. பர்மிங்காமில் பிறந்தது. பிளாக் சாபத்தின் கிதார் கலைஞர் டோனி அயோமி தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்தவர். இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடக்கை வாசிப்புக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய கை அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகள் போட்டார். பின்னர் சுருதியையும் இறக்கினார். தளர்ந்த தந்தியிலிருந்து வந்த அந்த அடர்ந்த நாதமே ஒரு பாணியாகிவிட்டது. 1970-இல் முதல் இசைத்தட்டு வந்தது. சாபத் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அந்தக் கனத்தைப் பிடித்துக் காத்து அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்தவர்கள் வேறு. வர்ஜீனியாவில் 1971-இல் தொடங்கிய பென்டகிராம் குழுவுக்கு முழு இசைத்தட்டு வாய்த்தது 1985-இல்தான். இங்கிலாந்தின் ஸ்டவர்பிரிட்ஜில் விட்ச்ஃபைண்டர் ஜெனரல் எண்பதுகளில் இரண்டு இசைத்தட்டுகளோடு கலைந்துபோனது. இன்று டூம் மெட்டல் என்று தனிக் கிளையாக வளர்ந்து நிற்பதன் வேர்களில் இந்த இரண்டு குழுக்களும் உண்டு.

இரண்டாவது, வேகப் பாணி. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரத்து பட்ஜி இதற்கு மூத்தது. பர்க் ஷெல்லி பேஸ் கிதார் வாசித்துக்கொண்டே பாடுவார். 1971-இல் வந்த முதல் இசைத்தட்டைத் தயாரித்தவர் ராட்ஜர் பெயின். சாபத்தின் முதல் மூன்று இசைத்தட்டுகளும் அவர் தயாரிப்பே. ஒரே தயாரிப்பாளர், ஒரே காலம், ஆனால் புகழ் ஒரு பக்கமே போனது. பட்ஜியின் 'பிரெட்ஃபேன்' 1973-இல் வந்தது. கிதார் சொற்கட்டு (ரிஃப்) ஒன்று மூச்சு விடாமல் திரும்பத் திரும்ப ஓடும். பாட்டு முழுவதையும் அதுவே இழுத்துக்கொண்டு போகும். பதினைந்து ஆண்டு கழித்து மெட்டாலிகா அதை எடுத்து வாசித்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

டயமண்ட் ஹெட் 1976-இல் ஸ்டவர்பிரிட்ஜில் தொடங்கியது. இசைத்தட்டு நிறுவனங்கள் கதவு திறக்காததால் 1980-இல் முதல் இசைத்தட்டைத் தாங்களே அச்சிட்டார்கள். உறையில் படமும் இல்லை, பெயரும் இல்லை. அந்தத் தட்டு கையில் கிடைத்த லார்ஸ் உல்ரிக் என்ற இளைஞர் 1981-இல் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து, அவர்கள் கச்சேரி கேட்டு, அவர்கள் வீட்டிலேயே தங்கினார். திரும்பிப் போய் அந்த ஆண்டே மெட்டாலிகாவைத் தொடங்கினார்.

மூன்றாவது, இருண்ட பாணி. நியூகாசிலின் வெனம் 1982-இல் வெளியிட்ட 'பிளாக் மெட்டல்' இசைத்தட்டின் பெயரே பின்னால் ஒரு கிளைக்குப் பெயரானது. பிரேசிலின் பெலோ ஹொரிசான்ட்டியைச் சேர்ந்த சார்கோஃபாகோ 1987-இல் தந்த இசையைக் கடல் கடந்து நார்வே இளைஞர்கள் கேட்டு வளர்ந்தார்கள். வானொலியும் பெரிய கம்பெனிகளும் திரும்பிப் பாராத காலத்தில் கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் படியெடுத்துத் தபாலில் அனுப்பிய ரசிகர்களே இந்த மரபை நாடு விட்டு நாடு கொண்டுபோனார்கள்.

கொச்சிப் பாணி

நம் ஊருக்கு வருவோம். 1977-இல் கொச்சியில் தொடங்கியது 13ஏடி என்ற ராக் குழு. எலாய் ஐசக்ஸ், பின்சன் கொரெயா, ஜார்ஜ் பீட்டர், கிளென் லா ரீவ், ஜாக்சன் அருஜா போன்றவர்கள் வெவ்வேறு காலங்களில் அதில் இருந்தவர்கள். எறணாகுளம் சண்முகம் சாலையில் உள்ள சீலார்ட் ஹோட்டல்தான் அவர்களுடைய களரி. ஹோட்டல் மேடை என்றால் கேலியாகப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் இரவுக்கு இரவு ஒரே மேடையில் நின்று, கேட்கிற பாட்டை மூலத்தில் உள்ளபடி வாசித்துக் காட்டுவதைவிடக் கடுமையான சாதகம் வேறு இல்லை. டிரம்ஸும் பேஸும் ஒரே மூச்சாக விழுவது அப்படித்தான் கை வரும்.

அந்தப் பயிற்சியோடு நின்றிருந்தால் 13ஏடி நல்ல ஹோட்டல் குழு என்ற பெயரோடு முடிந்திருக்கும். 1990-இல் 'கிரவுண்ட் ஜீரோ' வந்தது. அதன்பின் 'டஃப் ஆன் த ஸ்ட்ரீட்ஸ்'. தென்கோடித் துறைமுக ஊர் ஒன்றிலிருந்து சொந்தச் சாகித்தியமும் சொந்த இசையுமாகக் கேசட் வந்தது அன்றைய இந்திய ராக் ரசிகர்களுக்குப் பெரிய செய்தி. இந்திய ராக் இசைக்கென்று அலகாபாத்திலிருந்து ராக் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை புறப்பட்டது 1993-இல். 13ஏடி தன் வழியைப் போட்டது அதற்கும் முன்னால்.

1996-இல் கொச்சியில் மதர்ஜேன் பிறந்தது. 2002-இல் 'இன்சேன் பயாகிரஃபி', 2008-இல் 'மக்தூப்'. இதன் அன்றைய கிதார் கலைஞர் பைஜு தர்மஜன் கர்நாடக இசையின் வாசனையை உலோக இசைக்குள் கொண்டுவந்தார். அவர் இடக்கையைக் கவனித்துப் பாருங்கள். ஒரு ஸ்வரத்தை நேராக அழுத்தாமல், கீழிருந்து வழுக்கி ஏறி, தந்தியை இழுத்து அசைத்து, பிறகுதான் நிற்பார். ஓசை கூட்டிய மின்கிதாரில் கமகம் பேசுவதை அங்கே கேட்கலாம். மேடை என்றால் ஆங்கிலப் பாட்டின் நகல் என்ற எண்ணத்தை 13ஏடி சொந்தப் பாட்டால் உடைத்தது. சொந்தப் பாட்டுக்குச் சொந்த மண்ணின் நாதத்தை மதர்ஜேன் தந்தது.

அடுத்த படி மொழி. அவியல் குழு மலையாளத்திலேயே ராக் பாடியது. 2008-இல் இசைத்தட்டு தந்தது. அதன் ரெக்ஸ் விஜயன் திரையிசைக்குள் நுழைந்தார். 2013-இல் தைக்குடம் பிரிட்ஜ், கொச்சியின் ஓர் இடத்துப் பெயரையே சூடிக்கொண்டு, நாட்டுப்புறத்தையும் கனத்த கிதாரையும் ஒரே மேடையில் நிறுத்தியது. அதை நிறுவியவர்களில் ஒருவரான கோவிந்த் வசந்தாதான் 2018-இல் '96' படத்துக்கு இசையமைத்துத் தமிழர் வீடுகள்தோறும் நுழைந்தார். '96'-இன் வயலினில் சீலார்ட் மேடையின் கிதார் கேட்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் குழுவாக நின்று சொந்த இசை வாசித்தாலும் கேட்க ஆள் உண்டு என்ற நம்பிக்கையை இந்த ஊருக்கு முதலில் தந்தவர்கள் யார் என்ற கேள்விக்கு விடை 13ஏடியிடம்தான் போய் நிற்கும்.

கடல் கடந்த தமிழர் பங்கையும் இங்கே சொல்ல வேண்டும். 1992-இல் சிங்கப்பூரில் ருத்ரா குழு தொடங்கியது. கதிர் அதன் குரலும் பேஸும். டெத் மெட்டலின் உறுமலோடு வடமொழி மந்திரங்களையும் வேதாந்தக் கருத்துகளையும் சேர்த்தார்கள். முதல் இசைத்தட்டு 1998-இல் வந்தது. டெல்லியின் பிளட்டிவுட் 2019-இல் ஜெர்மனியின் வாக்கன் விழாவில் இந்திய வாத்தியங்களோடு மேடையேறி உலகக் கவனம் பெற்றது. இந்திய நாதமும் உலோக இசையும் கலக்கும் என்று இருபது ஆண்டுக்கு முன்பே காட்டிய பெருமை ருத்ராவுக்கு உண்டு.

தரத்தின் அளவுகோல்

இந்த மரபில் ஒரு குழுவை எதைக் கொண்டு மதிப்பிடுவது? விற்பனையைக் கொண்டு மதிப்பிட்டால் டயமண்ட் ஹெட்டும் 13ஏடியும் அடிக்குறிப்பாகிவிடும். என் கணக்கில் அளவுகோல் மூன்று. முதல் அடியிலேயே இன்னார் என்று தெரிகிற நாதம் வேண்டும். பாடகர் நிறுத்திய பிறகும் தனித்து நிற்கிற கிதார்ச் சொற்கட்டு வேண்டும். இரண்டையும்விடப் பெரியது மூன்றாவது: பின்வருகிறவர் எடுத்து மேலே கட்டுவதற்கு ஏதாவது விட்டுப் போயிருக்க வேண்டும்.

எடுப்பவருக்கும் ஒரு தர்மம் உண்டு. முதல் மேடையில் பெயர் சொல்லாமல் வாசித்த மெட்டாலிகா, 1984-இலேயே டயமண்ட் ஹெட்டின் 'ஆம் ஐ ஈவில்' பாட்டைப் பெயரோடு பதிவுசெய்தது. 1998-இல் 'கராஜ் இன்க்' என்று முன்னோடிகளின் பாட்டுகளுக்காகவே ஓர் இரட்டை இசைத்தட்டு வெளியிட்டது. 2010 ஜூனில் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் மெட்டாலிகா, மெகாடெத், ஆந்த்ராக்ஸ் குழுக்களின் கலைஞர்களும் ஸ்லேயரின் டிரம்ஸ் கலைஞரும் ஒரே மேடையில் சேர்ந்து நின்றபோது வாசித்தது இதே பாட்டைத்தான். இந்த இசையின் நான்கு பெரும்புள்ளிகளும் ஊர் அறியாத ஒரு குழுவின் முன் தலை வணங்கிய நாள் அது.

கொச்சியில் அந்த மரியாதை இன்னும் முழுதாக நடக்கவில்லை. இன்றைய குழுக்கள் ஒவ்வொரு கச்சேரியிலும் 13ஏடியின் ஒரு பாட்டையாவது, இது இன்னார் பாட்டு என்று சொல்லி வாசிக்க வேண்டும். பழைய கேசட்டுகளை வைத்திருப்பவர்கள் நாடா பழுதாகும் முன் அவற்றை டிஜிட்டலில் பதிந்து இசைக் கல்லூரிகளுக்கும் நூலகங்களுக்கும் தர வேண்டும். வாசித்தவர்களில் நம்மோடு இருப்பவர்களை உட்காரவைத்து, எந்த மேடை, எந்த ஆம்ப், யாரிடம் கற்றது என்று கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். இதற்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. நன்றி இருந்தால் போதும். முன்னோடியின் பெயரைச் சொல்லிப் பாடத் தெரிந்த ஊரில்தான் அடுத்த முன்னோடி பிறப்பார்.