உருகும் இரும்பை ரசிப்பது எப்படி?

மாலை நேர வெல்டிங் வகுப்பில் சேரும் பலரும் ஒரு ஸ்டூலோ பூந்தொட்டி ஸ்டாண்டோ செய்துவிடும் ஆசையோடு வருகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் பிழைப்புக்காக இல்லாமல் விருப்பத்துக்காகக் கற்பவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. வேலையை முடித்துக் கொடுக்கும் அவசரம் அவருக்கு இல்லை. ஒரே தகட்டில் வரிவரியாக வெல்டிங் ராடு ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வெல்டிங்கின் ருசி அங்கேதான் இருக்கிறது.

முதலில் கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள்

ராடுக்கும் தகட்டுக்கும் இடையே ஒளிரும் மின்வில்லை, அதாவது ஆர்க்கை, வெறும் கண்ணால் ஒரு நொடிகூடப் பார்க்கக் கூடாது. அதிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் கண்ணைத் தாக்கினால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும். சாதாரணக் கூலிங் கிளாஸ் உதவாது. 10 அல்லது 11 எண் கொண்ட கருப்புக் கண்ணாடி பொருத்திய ஷீல்டு வேண்டும். பருத்தி முழுக்கைச் சட்டை, தோல் கையுறை, மூடிய காலணி அணியுங்கள். பாலியஸ்டர் துணி பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பைப் பயிற்சிக்கு எடுக்காதீர்கள். அதன் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

வெளிச்சத்தை விட்டுவிட்டுக் குட்டையைப் பாருங்கள்

ராடைத் தகட்டில் உரசியதும் ஆர்க் பிடிக்கும். இரும்பு உருக ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸ் போதும். ஆர்க்கின் வெப்பம் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். புதிதாகக் கற்பவரின் கண் அந்த வெளிச்சத்திலேயே நின்றுவிடுகிறது. பார்க்க வேண்டியது அதை ஒட்டிப் பின்னால் வரும் சிறு குட்டையை. அதில் இரண்டு திரவங்கள் தெரியும். பளபளப்பாக இருப்பது இரும்பு; மங்கலாக மிதந்து பின்னுக்கு ஒதுங்குவது கசடு.

கசடு அழுக்கல்ல. ராடின் மேல்பூச்சு எரிந்து வாயுவாகி, காற்றிலுள்ள ஆக்சிஜனும் நைட்ரஜனும் உருகிய இரும்பை நெருங்காமல் தடுக்கிறது. மீதி கசடாகி இரும்பை மூடி, அதை மெதுவாக ஆறவிடுகிறது. பூச்சு ராடை உருவாக்கிய ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் ஆஸ்கர் ஷெல்பெர்க் 1904-ல் தொடங்கிய நிறுவனம்தான், நம் ஊர்க் கடைகளில் ராடு விற்கும் ஈசாப்.

சத்தத்தைக் கேளுங்கள்

3.15 மி.மீ. ராடுக்கு ஏறத்தாழ 90 முதல் 130 ஆம்பியர் வைப்பார்கள். ராடின் முனைக்கும் தகட்டுக்கும் இடையே உள்கம்பியின் கனம் அளவுக்கு இடைவெளி இருக்கட்டும். சரியாக அமைந்தால் எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோல் சீரான சத்தம் வரும். இடைவெளி கூடினால் சத்தம் சிதறும், பொறியும் தெறிக்கும். குறைந்தால் ராடு ஒட்டிக்கொள்ளும். தேர்ந்த ஆசிரியர் பக்கத்து மேசையில் நின்றபடியே, “ஆர்க் நீளுது, கிட்ட கொண்டு போங்க” என்பார்.

ஆறியதும் படியுங்கள்

சிப்பிங் சுத்தியலால் கசடைத் தட்டி, கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். அடியில் பிறை பிறையாக அலைகள் தெரியும். குட்டை உறைந்து உறைந்து நகர்ந்த தடம் அது. அலைகள் ஒரே அளவில் இருந்தால் கை ஒரே வேகத்தில் போயிருக்கிறது. நீண்டு கூர்மையாக இருந்தால் ஓடியிருக்கிறீர்கள். பீட், அதாவது உறைந்த வெல்டு வரி, தகட்டில் ஒட்டாமல் மேலே குவிந்திருந்தால் கரண்ட் போதவில்லை. ஓரத்தில் பள்ளம் விழுந்திருந்தால் கரண்ட் அதிகம், அல்லது ஆர்க் நீளம். ஊசித் துளைகள் இருந்தால் ராடில் ஈரமோ தகட்டில் துருவோ எண்ணெயோ இருந்திருக்கலாம்.

அழகான பீட்டும் ஏமாற்றலாம். அதனால் இரண்டு தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் வெல்டு செய்து, சுத்தியலால் மடக்கி உடைத்துப் பாருங்கள். மூலை வரை இரும்பு கலந்திருக்கிறதா என்று உடைந்த முகம் சொல்லிவிடும். மனம் கோணாமல் இதைத் திரும்பத் திரும்பச் செய்பவருக்கே கை வசப்படும்.

வகுப்புக்கு வெளியே பாருங்கள்

பாம்பன் பாலங்களில் இரண்டு காலங்களை ஒப்பிடலாம். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம் ரிவெட் அடித்த காலத்தது. 2025-ல் திறந்த புதிய பாலத்தின் இணைப்புகள் முழுக்க வெல்டு செய்தவை. திருச்சியில் பெல் (BHEL) ஆலையோடு 1975-ல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அனல் மின் நிலையக் கொதிகலன் குழாய்களின் வெல்டை எக்ஸ்ரே எடுத்துச் சோதிக்கிறார்கள். கலையிலும் வெல்டிங் உண்டு: ஸ்பெயின் சிற்பி ஹூலியோ கொன்சாலஸ் 1918-ல் ரெனோ கார் தொழிற்சாலையில் வெல்டிங் கற்றார். பத்தாண்டு கழித்து, பிக்காசோவின் இரும்புச் சிற்பங்களுக்கு அந்தக் கைதான் துணை நின்றது. பேருந்தின் கைப்பிடி, தெருமுனை கேட், கடை ஷட்டர் என எதையும் இனி நின்று பாருங்கள். எந்த இணைப்பை நிதானமாகப் போட்டார்கள், எதை அவசரமாகப் போட்டார்கள் என்று அடையாளம் காண்பீர்கள்.

வகுப்பைத் தேடும்போது புகை வெளியேற வழி இருக்கிறதா, உங்கள் பீட்டை உடைத்துக் காட்டும் ஆசிரியர் இருக்கிறாரா என்று மட்டும் விசாரியுங்கள். இரண்டும் இருந்தால் தயங்காமல் சேருங்கள். பொருள் செய்யும் ஆசையைச் சில வாரம் தள்ளிவையுங்கள். கை பழகிய பிறகு செய்யும் ஸ்டூல் ஆடாமல் நிற்கும்.