முடிவு தெரிந்த பின்பும்

மர்மப் படத்தின் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறவர்களைக் கழுவில் ஏற்றினாலும் தகும் என்று சிறு வயதில் நான் உறுதியாக நம்பியிருந்தேன். அந்த உறுதி கலைந்தது முகையூரில், ஒரு டூரிங் கொட்டகையில்.

1990-ஐ ஒட்டிய வருஷங்கள் அவை. டவுனில் ஓடித் தேய்ந்த படங்களெல்லாம் கடைசியில் எங்கள் பக்கம்தான் வந்து சேரும். கொட்டகையில் புரொஜெக்டர் ஒன்றே ஒன்று. ஆகவே ஒரு பாகம் முடிந்து மறு பாகம் மாட்டும்வரை விளக்கைப் போட்டுவிடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும் கட்டத்தில் சட்டென்று வெளிச்சம் வரும், முறுக்குக்காரன் வருவான், திகிலெல்லாம் பறந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு நாள் 'அந்த நாள்' போட்டார்கள்.

முதல் இடைவேளையில் எனக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் தோளைத் தட்டினார். "தம்பி, ரொம்ப யோசிக்காதே. சுட்டது யாரு தெரியுமா?" என்று ஆரம்பித்து, நான் காதைப் பொத்துவதற்குள் பெயரைச் சொல்லிவிட்டார். படம் வந்த புதிதிலேயே விழுப்புரத்தில் பார்த்தவராம். எனக்கு அழுகை வந்துவிட்டது. டிக்கெட் காசு போனது போனதுதான் என்று வெறுத்து உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் விளக்கு அணைந்து படம் மறுபடி ஓட ஆரம்பித்ததும் ஓர் அதிசயம் நடந்தது. என் உள்ளங்கை வேர்த்தது. திரும்பிப் பார்த்தேன். பெரியவர் வாயில் போட்ட வெற்றிலையை மெல்ல மறந்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிவு தெரியாத நாங்கள் பதறியதைவிட, முடிவு தெரிந்த அவர் அதிகம் பதறினார்!

இது எப்படி என்ற கேள்வி வெகுகாலம் என்னை விடவில்லை. மர்மப் படம் என்றால் ஒரு ரகசியத்தை ஒளித்துவைத்திருக்கும் பெட்டி, பெட்டி திறந்தால் கதை தீர்ந்தது என்றுதானே நாம் எண்ணுகிறோம்? ஆனால் பெட்டியைத் திறந்துகொண்டு உட்கார்ந்த மனிதரும் ரசித்தாரே!

இதற்குப் பதிலில் ஒரு பாதியை ஹிட்ச்காக் சொல்லியிருக்கிறார். 1962-ல் பிரெஞ்சு டைரக்டர் த்ரூஃபோவுடன் பேசும்போது அவர் காட்டிய உதாரணம் பிரசித்தமானது. இருவர் மேஜையருகே பேசிக்கொண்டிருக்கிறார்கள், மேஜைக்கடியில் வெடிகுண்டு. நமக்குச் சொல்லாமல் அதை வெடிக்கவிட்டால் சில விநாடி அதிர்ச்சி, அவ்வளவுதான். குண்டு இருப்பதை நமக்கு முன்னமே காட்டிவிட்டால், அவர்கள் பேசும் சாதாரணப் பேச்சுகூட நம் நெஞ்சை அடைக்கும். ஆக, திகில் என்பது மறைப்பதால் மட்டும் வருவதல்ல, சொல்லிவிடுவதாலும் வருகிறது.

மறுபாதிப் பதில் நம் தமிழ்ப் படங்களிலேயே இருக்கிறது என்பது என் கட்சி. கொட்டகைக்குள் நுழையும்போது நாம் வெறும் கையோடு போவதில்லை. சில நம்பிக்கைகளை மடியில் கட்டிக்கொண்டு போகிறோம். கதாநாயகன் நல்லவன், அவன் கடைசி ரீல்வரை சாகமாட்டான், சுருட்டுப் பிடிக்கிறவன் கெட்டவன், மழையில் வெள்ளைப் புடவை வந்தால் பேய். இவைதான் படத்துக்கும் நமக்கும் உள்ள எழுதாத ஒப்பந்தம். சாமானிய டைரக்டர் இந்த ஒப்பந்தத்தை அப்படியே நிறைவேற்றுகிறார். கெட்டிக்கார டைரக்டரோ நம் நம்பிக்கையையே தூண்டிற்புழுவாகக் கோத்து நம்மைப் பிடிக்கிறார்.

'அந்த நாள்' 1954-ல் வந்தது. ஏவி.எம். தயாரிப்பு, டைரக்ஷன் வீணை எஸ். பாலசந்தர், எழுதியவர் ஜாவர் சீதாராமன். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. இதைத்தான் எல்லோரும் அதிசயமாகச் சொல்வார்கள். அதைவிடப் பெரிய துணிச்சல் ஒன்று அதில் உண்டு. சிவாஜி கணேசனைப் பார்க்கக் கூட்டம் வந்து உட்கார்ந்ததும், சிவாஜி சுடப்பட்டு விழுகிறார்! படம் தொடங்கிச் சற்று நேரம்கூட ஆகவில்லை. 'சைக்கோ'வில் ஜானட் லீயைப் பாதிப் படத்தில் கொன்றதற்காக உலகம் இன்றும் ஹிட்ச்காக்கைக் கொண்டாடுகிறது. அது 1960. அதற்கு ஆறு வருஷம் முன்பே, பாதிப் படம்வரைகூடப் பொறுக்காமல், பாலசந்தர் தம் கதாநாயகனைக் கொன்றுவிட்டார்.

அதன் பிறகுதான் வித்தை. 1943 அக்டோபரில் ஜப்பானியர் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில் நடக்கும் கதை அது. இறந்துபோன ரேடியோ எஞ்சினியரைப் பற்றி மனைவி, தம்பி, அண்டை வீட்டார் என்று ஒவ்வொருவரும் துப்பறிய வந்த அதிகாரியிடம் ஒவ்வொன்று சொல்கிறார்கள். குரோசாவாவின் 'ரஷோமான்' (1950) காட்டிய வழி இது. ஆனால் அங்கே உண்மை இன்னதென்ற தீர்ப்புக் கிடையாது, இங்கே உண்டு. அந்தத் தீர்ப்பு வரும்வரை ஒவ்வொருவர் சொல்லிலும் நம் நாயகனின் முகம் மாறிக்கொண்டே போகிறது. கொன்றது யார் என்ற கேள்வி மெதுவாக நகர்ந்து, கொல்லப்பட்டவன் யார் என்ற கேள்வியாகிறது. கடைசிப் பகுதியில் வசனம் பிரசங்கத்தின் எல்லையைத் தொட்டுவிடுவது குறைதான். ஆனாலும் பின்னாலிருந்த பெரியவரை நினைத்துப் பாருங்கள். நாங்கள் சந்தேகப்பட்ட முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் ஒரே ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் ஒவ்வொரு தடவை மௌனமாக இருந்தபோதும் அவருக்கு மட்டும் அது மௌனமாக இல்லை. பெயரை ஒளித்துச் சமைத்த படம் என்றால் இப்படி இரண்டாம் முறை ருசிக்காது.

பத்து வருஷம் கழித்து 'புதிய பறவை' (1964) வந்தது. வங்காளத்திலிருந்து வந்த கதை. செத்துப்போனாள் என்று சொல்லப்பட்ட மனைவி உயிரோடு வந்து வாசலில் நிற்கிறாள். கதாநாயகன், "இவள் என் மனைவி இல்லை!" என்று கதறுகிறான். யாரும் நம்பவில்லை, நாம் மட்டும் நம்புகிறோம். ஏன் நம்புகிறோம்? சாட்சி இருக்கிறதா? இல்லை. அவர் சிவாஜி என்பது ஒன்றே சாட்சி. அந்தச் சாட்சியை வைத்துக்கொண்டு படம் நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள். பாராதவர்களுக்கு நான் முகையூர்ப் பெரியவர் ஆகமாட்டேன்.

இவற்றுக்கு எதிரே 'யார் நீ?' (1966) போன்ற படங்களை வைத்துப் பார்க்கலாம். வெள்ளைப் புடவை, மழை இரவு, தூரத்தில் ஒரு பாட்டு எல்லாம் முதல் தடவை முதுகைச் சில்லிட வைக்கத்தான் செய்கின்றன. ஆனால் காரணம் விளங்கியதும் அவை கோயில் திருவிழா முடிந்த மறுநாள் பந்தல் மாதிரி நிற்கின்றன. பயமுறுத்தியது சாமான்கள்தானே தவிர மனிதர்கள் அல்ல.

இவ்வளவு நியாயம் பேசும் நான் செய்த பாவத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வாரப் பத்திரிகையில் மர்மத் தொடர்கதை எழுதினேன். வாரா வாரம் கடைசி வரியில் கதவு தட்டப்படும், விளக்கு அணையும், ஒரு நிழல் நகரும். அடுத்த வாரம் வந்து பார்த்தால் பால்காரனாகவோ பூனையாகவோ இருக்கும். தொடர் முடிந்த பிறகு முகையூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் ஒரு கல்யாண வீட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், நீங்க பதினெட்டு தடவை பயமுறுத்தினீங்க. பத்தொன்பதாவது தடவை நெஜமாவே கொலை நடந்தப்போ நான் நம்பலையே!" என்றார். அன்றைக்குச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. புலி வருது கதை ஆடு மேய்க்கிற பையனுக்கு மட்டும் சொன்னதல்ல.

ஜீத்து ஜோசப்பின் 'பாபநாசம்' (2015) பார்த்தபோது அந்த வாசகரை நினைத்துக்கொண்டேன். அதில் குற்றம் எப்படி நேர்ந்தது என்று நம் கண் முன்னாலேயே காட்டிவிடுகிறார்கள். ஒளிக்க வேண்டியவன் திரையில் இருக்கிறான். அவனோடு சேர்ந்து நாமும் ஒளிக்கிறோம். போலீஸ் ஜீப் தெருவில் திரும்பினால் நமக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. நாலாவது வகுப்போடு படிப்பு நின்ற அந்தக் கேபிள் டி.வி.க்காரனுக்குப் புத்தி சொல்லிக்கொடுத்ததே அவன் பார்த்த சினிமாக்கள்தாம் என்பது அந்தப் படத்தின் அழகான குறும்பு.

பின்னாலிருந்த பெரியவரை நான் மன்னித்து வெகுகாலம் ஆகிறது. அவர் எனக்குப் படத்தைக் கெடுக்கவில்லை, சோதித்துக் காட்டினார். இப்போதெல்லாம் ஒரு மர்மக் கதையை எழுதி முடித்தால் வீட்டில் முதலில் முடிவைச் சொல்லிவிட்டுத்தான் படிக்கக் கொடுக்கிறேன். அதற்குப் பிறகும் அடுப்பில் பால் பொங்கினால் கதை தேறிவிட்டது என்று அர்த்தம். சென்ற மாதம் கொடுத்த கதைக்குப் பால் பொங்கவில்லை.