செய்கூலி

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூஸியத்தில் ஒரு சதுர வெள்ளித் தட்டு இருக்கிறது. பிரபுக்கள் வீட்டில் பானக் கோப்பைகளை ஏந்தி வரும் வகை. 1728-29ல் பால் டி லாமரியின் பட்டறையில், அன்று பிரதம மந்திரி போலவே ஆட்சி நடத்திய ராபர்ட் வால்போலுக்காகச் செய்தது. இத்தகைய பொருள்களைப் பற்றி இருவிதப் பேச்சு என் காதில் விழுகிறது. ஒன்று, 'என்ன நயம்!' என்கிற வாய்பிளப்பு. மற்றது, சுரண்டியவர்களின் பகட்டு என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது. இரு சாராருமே தட்டைப் பார்க்கவில்லை என்பது என் கட்சி.

இந்தத் தட்டுக்கு ஒரு முன்ஜென்மம் உண்டு. 1727ல் முதலாம் ஜார்ஜ் மன்னர் இறந்ததும் அவர் பெயரிலிருந்த கஜானா முத்திரை செல்லாததாயிற்று. செல்லாத முத்திரையின் வெள்ளி, அதை வைத்திருந்த மந்திரிக்குச் சேருவது வழக்கம். வால்போல் அதைத் தட்டாக்கிக்கொண்டார்.

அந்தக் காலத்து வெள்ளிக் கணக்கையும் கவனிக்க வேண்டும். அவுன்ஸுக்கு இவ்வளவு என்று உலோகத்துக்கு ஒரு விலை; வேலைப்பாட்டுக்குத் தனி விலை. நம் நகைக்கடைக்காரர் ரசீதில் போடும் செய்கூலிதான். பாத்திரத்தின் அடியில் எடையைக் கீறி வைப்பதும் உண்டு. முடை வந்தால் உருக்கலாம் அல்லவா? 1643ல், உள்நாட்டுப் போரின் நடுவில், ஆக்ஸ்போர்டு கல்லூரிகளின் வெள்ளிப் பாத்திரங்கள் இப்படித்தான் முதலாம் சார்லஸின் நாணயங்களாயின. ரசனை மாறினாலும் உலைதான். உருக்கினால் வெள்ளி ஏறக்குறைய அப்படியே திரும்பி வந்துவிடும். திரும்பாதது செய்கூலி ஒன்றுதான்.

இனித் தட்டின் முகத்துக்கு வருகிறேன். அழிந்துபோன முத்திரையின் இரண்டு பக்கங்களும் அங்கே படமாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஹெர்குலிஸ் அவற்றைத் தாங்கி நிற்கிறான். அவதூறும் பொறாமையும் உருவெடுத்து அருகே கிடக்கின்றன. பொறித்தவர் வில்லியம் ஹோகார்த் என்று கருதுகிறார்கள். இளமையில் வெள்ளியில் பொறிக்கும் தொழில் பயின்றவர். பின்னாளில் பிரபு வீட்டுக் கல்யாண பேரத்தைத் தன் சித்திர வரிசையில் தோலுரித்துக் காட்டியவர். தட்டில் இருப்பதோ லாமரியின் குறி. சட்டம் அந்தக் குறியைக் கேட்டது வெள்ளியின் தரத்துக்குப் பொறுப்பேற்கத்தான். கோட்டுக்குப் பொறுப்பேற்க யாரையும் அது கேட்கவில்லை.

ஹெர்குலிஸ் யார், அவதூறு பேசியவர்கள் யார் என்பது வால்போலின் விருந்தாளிகளுக்கு விளங்கியிருக்கும். இது முகஸ்துதி. இதை மூடி மறைத்து ரஸிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் விஷயம் அத்தோடு முடிந்துவிடுவதாகவும் எனக்குத் தோன்றவில்லை. முத்திரையின் எடை முழுவதும் வால்போல் கைக்குப் போயிற்று. முத்திரையின் உருவமோ எடையே இல்லாத இந்தக் கோடுகளில்தான் மிஞ்சியிருக்கிறது. கூலி கொடுத்தவர் கேட்டது புகழ்ச்சியை. கூலிக்காரன் உளி அதையும் கொடுத்தது, கணக்கில் வராத இன்னொன்றையும் கொடுத்தது.

குலச்சின்னத்தைப் புகழ்கிறவரும் ஏசுகிறவரும் தட்டைத் திருப்பி அடியிலுள்ள எடையைத்தான் வாசிக்கிறார்கள். நம் இலக்கிய விமர்சனத்திலும் பெரும்பகுதி இதே காரியம்தான். எழுதியவன் எந்தக் கட்சி, எந்த சாதி, யார் பணத்தில் எழுதினான் என்று நிறுத்துப் பார்த்து முடித்துவிடுகிறோம். அந்த எடை பொய்யில்லை. அதற்குப் பிறகு தட்டைத் திருப்பி வைக்க வேண்டும்.