கேட்பவள் இல்லாத கதை

‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ வரிசையில் 2004ஆம் ஆண்டின் இறுதியில் வந்த ‘வாரியர் விதின்’ ஏன் ஏமாற்றியது என்று விளையாட்டு ரசிகர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். இளவரசன் மாறிப்போனான். முந்தைய ஆட்டத்தில் கொஞ்சம் தற்பெருமையும் நிறைய வெகுளித்தனமுமாக இருந்த பையன் இதில் நீண்ட முடியும் இறுகிய முகமுமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிறான். கீழைத்தேய இசை பின்னால் போய், காட்ஸ்மேக் என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் கிதார் அலறுகிறது. வெட்டிய தலைகள் பறக்கின்றன. எல்லாம் சரி. ஆனால் இவர்கள் யாரும் முதலில் சொல்லாத பெயர் ஒன்று உண்டு, ஃபரா. அவள் இரண்டாம் ஆட்டத்தில் இல்லை. இளவரசன் மாறிப்போனதற்கும் அவள் இல்லாமல் போனதற்கும் தொடர்பு இருக்கிறது என்பது என் வாசிப்பு.

ஆடாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2003இல் வந்த ‘சேண்ட்ஸ் ஆஃப் டைம்’ இந்தியாவில் தொடங்குகிறது. பாரசீக அரசன் ஷராமன் தன் படையோடு அஸாத் நாட்டுக்குப் போகிற வழியில் ஒரு மகாராஜாவின் அரண்மனையைச் சூறையாடுகிறான். கோட்டையைக் காட்டிக்கொடுப்பவன் அந்த மகாராஜாவின் அமைச்சனே. இளவரசன் காலத்தைத் திருப்பும் கத்தியைக் கொள்ளையடிக்கிறான். மகாராஜாவின் மகள் ஃபரா, பெரிய மணற்கடிகாரத்தோடு சேர்த்து இன்னொரு கொள்ளைப்பொருளாக அஸாத்துக்குக் கொண்டுசெல்லப்படுகிறாள். அங்கே கடிகாரம் திறக்க, மணல் பட்டவர்கள் எல்லாரும் பேயுருவாக, மிஞ்சுவது இளவரசனும் அமைச்சனும் இவளும்தான். தன் ஊரைச் சூறையாடியவனோடு சேர்ந்துதான் அவள் உயிர் பிழைக்க வேண்டும்.

காஞ்சிபுரத்துக்காரிக்கு இந்தக் கதை புதிதல்ல. கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படித்தவர்களுக்கு, முற்றுகைக்குப் பின் ஒரு பெண்ணைச் சிறைபிடித்து அந்நிய தலைநகருக்குக் கொண்டுபோவது என்றால் என்னவென்று தெரியும். புலிகேசி காஞ்சியை முற்றுகையிட்டதும், நரசிம்மவர்மன் 642இல் வாதாபியை அழித்ததும் வரலாறு. சிவகாமி கல்கியின் கற்பனை. ஆனால் அந்தக் கற்பனையில் ஒரு நேர்மை இருக்கிறது. சிவகாமி எதையும் மறப்பதில்லை. மாமல்லன் மாறுவேடத்தில் வந்து அழைத்தபோதும், வாதாபி எரியாமல் வரமாட்டேன் என்கிறாள். கடைசியில் காஞ்சிக்குத் திரும்பி, அவனுக்கு மணமாகிவிட்டதைப் பார்த்து, ஏகாம்பரநாதரிடம் போய்ச் சேர்கிறாள். அந்த முடிவோடு எனக்குச் சண்டை உண்டு, அது வேறு கட்டுரை. இங்கே எனக்கு வேண்டியது, அடிபட்டவளிடமே நினைவு இருக்கிறது என்பது மட்டும்.

‘சேண்ட்ஸ் ஆஃப் டைம்’ முழுவதும் ஒரு குரல் கதை சொல்லிக்கொண்டே வருகிறது. இளவரசனின் குரல். நாம் பள்ளத்தில் விழுந்து செத்தால், இல்லை இல்லை, அப்படி நடக்கவில்லை என்று அந்தக் குரல் திருத்திக்கொள்ளும். யாரிடம் சொல்கிறான் என்பது கடைசியில்தான் தெரியவரும். ஃபராவிடம். காலத்தைத் திருப்பிவிட்டு, போர் தொடங்குவதற்கு முந்தைய இரவில் அவள் அறைக்கு வந்து, அவளுக்கு நடந்திராத ஒரு வாழ்க்கையை அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். எதிரே ஒருத்தி கேட்டுக்கொண்டிருப்பதால்தான் அவன் குரலில் அந்தக் கூச்சமும் கேலியும். நம்புவாளா மாட்டாளா என்ற பயம் வாக்கியத்துக்கு வாக்கியம் இருக்கிறது. ஜோர்டன் மெக்னர் எழுதிய கதை அது. 1989இல் முதல் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வை ஆப்பிள் கணினிக்காக உருவாக்கியவரும் அவரே. அந்தப் பழைய ஆட்டத்தில் இளவரசி ஓர் அறையில் அடைபட்டிருப்பாள். எட்டாவது நிலையில் ஒரு வெள்ளெலியை அனுப்பிக் கதவு திறக்கவைப்பாள். ஒரு மணி நேர ஆட்டத்தில் அவள் செய்யும் வேலை அது ஒன்றுதான். அங்கிருந்து ஃபராவுக்கு வர பதினான்கு வருடம் ஆயிற்று.

ஃபராவின் வேலை பெரிது. வில் எய்கிறாள். இளவரசனால் போக முடியாத சுவர்ப்பிளவுக்குள் நுழைந்து மறுபக்கத்திலிருந்து கதவைத் திறக்கிறாள். அவள் செத்தால் ஆட்டம் முடிந்தது. நான் இதை ஆடும்போதெல்லாம் எங்கள் வீட்டுத் தறி நினைவுக்கு வரும். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நெய்பவர் ஒருவராக இருந்தாலும், மறுபக்கக் கரையின் நாடாவை வாங்கித் திருப்பித்தர ஓர் ஆள் பக்கத்தில் உட்கார்ந்தே ஆகவேண்டும். எங்கள் வீட்டில் அது அம்மா. தார் சுற்றுவதும் அவர்தான். சேலை அப்பா நெய்ததாகத்தான் கணக்கில் ஏறும். ஃபராவும் கணக்கில் ஏறாதவள்தான் என்றாலும், அவள் இல்லாமல் அடுத்த கதவு திறக்காது என்பதையாவது ஆட்டம் ஆடுகிறவனுக்குப் புரியவைத்தது.

அதற்காக முதல் ஆட்டத்தைத் தூக்கிவைத்துக் கொண்டாட முடியவில்லை. இறுதிக்காட்சியைக் கவனியுங்கள். கதையைக் கேட்ட ஃபரா நம்ப மறுக்கிறாள். இளவரசன் அவளை முத்தமிடுகிறான். அவள் தள்ளிவிடுகிறாள். உடனே கத்தியின் பொத்தானை அழுத்திக் காலத்தைச் சில நொடிகள் பின்னால் திருப்பிக்கொள்கிறான். முத்தம் நடக்கவே இல்லை, அவளைப் பொறுத்தவரை. பிறகு கத்தியை அவளிடமே கொடுத்துவிட்டு நாகரிகமாக விடைபெறுகிறான். வெளிவந்த காலத்தில் பலரும் உருகிய காட்சி இது. எனக்கு உடம்பு கூசியது. அவள் மறுத்தது அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஒரு பெண்ணின் ‘வேண்டாம்’ என்ற சொல்லை அவள் நினைவிலிருந்தே அழித்துவிட முடிகிற கருவியைக் கையில் வைத்திருப்பவன்தான் இந்தக் கதையின் நல்லவன். சிவகாமிக்கு நேர் எதிராக, இங்கே கொள்ளையடித்தவனிடம் நினைவு முழுவதும் இருக்கிறது, கொள்ளைபோனவளிடம் எதுவும் இல்லை. இரண்டாம் ஆட்டத்துக்கான விதை இங்கேயே விழுந்துவிட்டது.

ஏழு வருடம் கழித்து ‘வாரியர் விதின்’ தொடங்குகிறது. காலத்தைக் குலைத்த குற்றத்துக்காக தஹாகா என்ற கரிய பூதம் இளவரசனைத் துரத்துகிறது. காலத்தீவுக்குப் போய், காலப் பேரரசி மணலைப் படைக்காமல் தடுத்துவிட்டால் தப்பிக்கலாம் என்று கப்பலேறுகிறான். ஆட்டம் என்ற அளவில் இதில் சரக்கு இல்லாமல் இல்லை. தஹாகா துரத்தும்போது சுவரில் ஓடுகிற அந்த நிமிடங்கள், ஒரே கோட்டையை இடிந்த நிலையிலும் புத்தம்புதிதாகவும் மாறிமாறிப் பார்ப்பது, இரண்டு கையிலும் ஆயுதம் ஏந்திய சண்டை, எல்லாம் முதலாவதைவிடத் தேறியவை. ஆனால் முதல் காட்சியிலேயே கப்பல்மீது ஷாதீ என்ற எதிரி வருகிறாள். ஆயுதத்தையோ முகத்தையோ பார்ப்பதற்கு முன் கேமரா அவள் பின்புறத்தில் போய் நிற்கிறது. போருக்கு வந்தவளுக்குத் தோலில் நாலு வார்கள்தான் உடை. அவளிடம் தோற்ற இளவரசன் சொல்லும் வசவு, தெருவில் நம்மைப் பார்த்துச் சொல்லப்படும் அதே வசவு.

கைலீனாவின் கதைதான் எனக்கு அதிகம் வருத்தம். ஷாதீயிடமிருந்து இளவரசன் காப்பாற்றும் பெண்ணாக அறிமுகமாகிறாள். பிறகு அவள்தான் பேரரசி என்று தெரிகிறது. தன்னை இவன் கொல்வான் என்பதைக் காலத்தில் முன்பே பார்த்துவிட்டவள். எழுதிவைத்த சாவை மாற்ற அவன் ஓடுவதுபோலவே அவளும் போராடுகிறாள். எவ்வளவு பெரிய கதை இது! இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியிருந்தால் ஒரு ஆட்டமே அதில் இருந்தது. மோனிகா பெலூச்சியைக் குரலுக்கு அழைத்துவந்துவிட்டு, அந்தக் குரலுக்குப் பேச ஒன்றும் கொடுக்கவில்லை. ஒரு முடிவில் அவளைக் கொல்கிறான். உயிர்ப்பலத்தைக் கூட்டும் ஒன்பது மறைவிடங்களையும் தேடிப்பிடித்தவர்களுக்கு வேறொரு முடிவு: அவள் பிழைத்து அவன் கப்பலில் ஏறுகிறாள், நெருக்கமான காட்சி ஒன்றும் உண்டு. நன்றாக ஆடியதற்குப் பரிசு, ஒரு பெண்.

இதில் கதை கேட்கிறவள் யாரும் இல்லை. அதனால்தான் இளவரசனுக்கும் கத்துவதைத் தவிர வேறு பேச்சு இல்லை. புதிய எழுத்தாளர்கள் அவனை ‘முதிர்ந்தவனாக’ ஆக்கினார்கள் என்றார்கள். அமெரிக்க வயதுச் சான்றிதழும் பதின்பருவத்தினருக்கானது என்பதிலிருந்து பதினேழு வயதுக்கு மேற்பட்டோருக்கானது என்று மாறியது. அவனிடம் கூடியிருந்தது இரத்தமும் வெட்டவெளி மார்பும்தான். இதில் பங்கெடுக்காத மெக்னர், இதன் வன்முறையும் கதையும் தோற்றமும் தன் ரசனைக்கு உரியவை அல்ல என்று பிற்பாடு வெளிப்படையாகவே சொன்னார். நிறுவனத்தின் கணக்கு வேறு. யூபிசாஃப்ட் மனதில் வைத்திருந்த ஆட்டக்காரன் ஒரு பையன். அவனுக்கு ஃபரா சலிப்பூட்டுவாள், ஷாதீ சலிப்பூட்டமாட்டாள் என்று முடிவுசெய்தார்கள். விற்பனையில் அந்தக் கணக்கு தோற்கவும் இல்லை.

அந்தப் பையனை எனக்கும் தெரியும். அந்த வருடங்களில் எங்கள் ஊர் பிரவுசிங் சென்டர்களில் தடுப்புப் பலகைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். பெண்கள் அங்கே தேர்வு முடிவு பார்க்கப் போனோம், அண்ணனோ தம்பியோ வாசலில் நிற்க. நான் இரண்டு ஆட்டங்களையும் தம்பி வாங்கிவந்த கள்ள சிடியில், அவன் டியூஷனுக்குப் போன மாலைகளில் ஆடினேன். ‘வாரியர் விதின்’ ஆடும்போது சத்தத்தைக் குறைத்து வைக்க வேண்டியிருந்தது. அதில் வெட்டுப்படும் பெண் எதிரிகள் எழுப்பும் ஒலிகளைப் பக்கத்து அறையில் இருக்கும் அம்மா எப்படிப் புரிந்துகொள்வார் என்று எனக்குத் தெரியும். ஆடுகிறவள் ஒரு பெண்ணாக இருக்கலாம் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அந்த ஒலிப்பதிவு அப்படி இருந்திருக்காது.

ஃபராவை விடுவது இதற்குப் பிறகு வழக்கமே ஆகிவிட்டது. 2010இல் வந்த திரைப்படம் ‘சேண்ட்ஸ் ஆஃப் டைம்’ என்ற பெயரை எடுத்துக்கொண்டது, இந்தியாவை எடுத்துக்கொள்ளவில்லை. அலமுத் நகரத்து தமீனா என்ற இளவரசியாக ஜெம்மா ஆர்ட்டர்டன் நடித்தார். முதல் ஆட்டத்தை மறுபடி உருவாக்கும் பணி 2020இல் அறிவிக்கப்பட்டபோது அது யூபிசாஃப்டின் புனே, மும்பை கிளைகளின் கையில் இருந்தது. மகாராஜாவின் மகளை முதன்முறையாக இந்தியர்கள் வரையப்போகிறார்கள் என்று நான் காத்திருந்தேன். 2022இல் அந்தப் பணி மான்ட்ரியாலுக்கு மாற்றப்பட்டது.

நடுவில், 2005இல், ‘டூ த்ரோன்ஸ்’ வந்தது. கைலீனாவைத் தொடக்கத்திலேயே கொன்றுவிட்டு, செத்தவளின் குரலைக் கதைசொல்லி ஆக்கினார்கள். ஃபரா திரும்பி வருகிறாள், பாபிலோனில், கையில் வில்லோடு. இளவரசனை அவளுக்குத் தெரியாது. அவனுக்கோ அவளுடைய பிடிவாதம், பயம், பெயர் எல்லாம் தெரியும். ஆட்டம் முழுவதும் அந்தச் சமமின்மையோடுதான் அவர்கள் சண்டை போட்டுக்கொண்டே நடக்கிறார்கள். வரிசையிலேயே நல்ல உரையாடல்கள் இதில்தான் இருக்கின்றன என்பேன். எல்லாம் முடிந்தபின் மாடியில் நின்று அவள் கேட்கிறாள், என் பெயர் உனக்கு எப்படித் தெரிந்தது என்று. அவன் முதலிலிருந்து சொல்லத் தொடங்குகிறான். அந்த முத்தத்தைச் சொல்வானா என்று தெரிவதற்குள் திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்துவிடுகின்றன.