115 வாட்டின் அழகு

முதன்முறையாக வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விளையாட நினைப்பவர், கையிருப்பில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும் கிராபிக்ஸ் கார்டிலிருந்தே கணக்கைத் தொடங்குவது வழக்கம். ஆனால் அந்தக் கார்டு வரையப்போகும் படத்தில் எத்தனை புள்ளிகள் என்பதை மானிட்டரே முடிவுசெய்வதால், தேர்வு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். 1920க்கு 1080 அளவுள்ள திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகளும், 2560க்கு 1440 அளவுள்ளதில் 36.9 லட்சமும், 4கே எனப்படும் திரையில் 83 லட்சமும் உள்ளன. நொடிக்கு 60 படங்கள் வேண்டுமென்றால், இந்தப் புள்ளிகள் அனைத்தின் நிறத்தையும் கார்டு 16.7 மில்லிநொடிக்குள் கணக்கிட்டு முடிக்க வேண்டும்.

சராசரி வேகத்தைவிட நுட்பமான ரசனைக்கு உரியது, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள இடைவெளியின் சீர்மை. நொடிக்குச் சராசரியாக 90 படங்கள் வந்தாலும், இடையிடையே சில 40 மில்லிநொடி தாமதித்து வந்தால் கண் அந்தத் தடுக்கலை உடனே உணர்ந்துவிடுகிறது. 60லிருந்து விலகாமல் ஓடும் கார்டு அதைவிட இனியது. மும்பையின் ஷண்முகானந்தா அரங்கில் மிருதங்கம் கேட்டு வளர்ந்த மாட்டுங்காக்காரருக்கு, விரைவு வேறு, லயம் வேறு என்பதைச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை. மிக மெதுவாக வந்த நூற்றில் ஒரு பங்குப் படங்களின் வேகத்தைத் தனியே காட்டும் ‘1 சதவீத லோ’ என்னும் அளவு, இந்த லயத்தையே எண்ணாக்கித் தருகிறது.

லயம் குலைவதற்கு ஒரு முக்கியக் காரணம் நினைவகப் பற்றாக்குறை. சுவரின் காரை, துணியின் நெசவு போன்ற மேற்பரப்புகளைக் காட்டும் டெக்ஸ்சர் படங்கள் கார்டின் சொந்த நினைவகத்தில் தங்கியிருக்கும். அங்கே இடம் போதாதபோது, மதர்போர்டின் ஸ்லாட் வழியாகக் கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து அவற்றைக் கொண்டுவர வேண்டியிருக்கும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 தன் 8 ஜிபி நினைவகத்தோடு நொடிக்கு 272 ஜிபி வேகத்தில் பேசுகிறது; ஸ்லாட் வழியாக அதற்குக் கிடைப்பதோ ஒரு திசையில் ஏறத்தாழ 16 ஜிபிதான். 2021இல் வந்த 3060இன் 12 ஜிபி நினைவகம், டெக்ஸ்சர் தரத்தை உச்சத்தில் வைத்து ஆடுபவருக்கு இந்தத் தொல்லையை வெகுவாகத் தள்ளிப்போடுகிறது. ஆனால் அதே 3060 என்ற பெயரில் 8 ஜிபி கொண்ட இன்னொரு கார்டும் உண்டு. அதன் நினைவகப் பாதை 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகச் சுருங்கி, வேகம் 360 ஜிபியிலிருந்து 240 ஜிபியாக இறங்கிவிட்டதால், பெட்டியில் பெயரை மட்டும் படித்து வாங்குபவர் மெலிந்த கார்டோடு வீடு திரும்புவார்.

இத்தனைக்குப் பிறகும் மும்பை வீட்டுக்கு 4060ஐயே முன்னிறுத்தத் தோன்றுகிறது; காரணம் அதன் கைவினை. 3060இல் 3,584 கணக்கிடும் அலகுகள் இருக்க, 2023இல் வந்த இதில் 3,072 மட்டுமே. ஆனாலும் மேலும் நுண்ணிய முறையில் வார்க்கப்பட்ட சிப்பு கூடுதல் வேகத்தில் துடிப்பதாலும், அடிக்கடி தேவைப்படும் தரவைச் சிப்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் கேஷ் 3 எம்பியிலிருந்து 24 எம்பியாக வளர்ந்ததாலும், பெரும்பாலான விளையாட்டுகளில் இது முந்திச் செல்கிறது. இதற்கு வரையறுக்கப்பட்ட மின்சாரம் 115 வாட், முந்தையதற்கு 170. தகரக் கூரைக்கு அடியில், ஏணி வைத்து ஏறும் தாராவியின் மேலறையில், மே மாதத்துப் புழுக்கத்தில் இந்த வேறுபாடு வெறும் எண்ணாக நிற்பதில்லை. கார்டு உண்ணும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே அறைக்குள் இறங்குகிறது. அமைதியாக அமர்ந்திருக்கும் மனிதரின் உடல் வெளியிடுவது ஏறக்குறைய 100 வாட் என்பதால், 55 வாட் குறைவது அந்த அறையில் அரை ஆள் குறைவதற்குச் சமம். வெப்பம் குறைந்தால் விசிறிகளும் மெல்லச் சுழலும். குடும்பம் முழுவதும் ஒரே அறையில் உறங்கும் வீட்டில் இரவு 11 மணிக்கு மேல் விளையாடுபவருக்கு இதைவிடப் பெரிய சிறப்பு வேறில்லை.

230 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ், ரசிகர் கண்ணில் படாத உறுப்பு. ஆனால் பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடமும் அதுவே. கார்டுக்கு மதர்போர்டின் ஸ்லாட் 75 வாட்டும், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 8 பின் இணைப்பு 150 வாட்டும் கொடுக்கலாம் என்பது வரையறை. மலிவான எஸ்எம்பிஎஸ் மேலே எழுதிய வாட் கணக்கை 12 வோல்ட் தடத்தில் தருவதில்லை என்பதால், மேலட்டையில் அந்த வரியைத் தனியாகப் படிக்க வேண்டும்.

இவற்றை வாங்க, தாராவியினர் மாகிமிலும் மாட்டுங்காவினர் மாட்டுங்கா ரோட்டிலும் மேற்குப் பாதை ரயிலேறியும், செம்பூர்வாசிகள் குர்லாவிலும் தாதரிலும் வண்டி மாறியும் கிராண்ட் ரோடில் இறங்கினால், டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று பெயர் மாறியும் எல்லார் வாயிலும் லேமிங்டன் ரோடாகவே இருக்கும் தெரு வரும். பழைய கார்டு தேடுபவர் ஒரு நாளை நினைவில் கொள்ளலாம்: 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்னும் கிரிப்டோ நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளைக் கொண்டு ஈட்டும் முறையைக் கைவிட்டது, அதுவரை இரவுபகலாக ஓடிய கார்டுகள் பழைய சரக்காகச் சந்தைக்கு வந்தன. அவற்றின் சிப்பு நன்றாகவே இருக்கலாம். தேய்வது விசிறியின் பேரிங்கும், நினைவகத்தின் வெப்பத்தை உலோகத்துக்குக் கடத்தும் தெர்மல் பேடும். ஆகவே கடையிலேயே கனமான விளையாட்டு ஒன்றை அரைமணி நேரம் ஓடவிட்டு, விசிறியில் உராய்வொலி எழுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டு, வெப்பநிலை ஓரிடத்தில் நிலைகொள்கிறதா என்று பார்த்து, கார்டிலும் பெட்டியிலும் பில்லிலும் வரிசை எண் ஒன்றாக இருப்பதைச் சரிபார்த்த பிறகே விலை பேச வேண்டும்.