உரைகல்லும் பாலாடையும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி வீடு ஒன்றில் பார்த்தது. குழந்தைக்கு எண்ணெய்க் குளியல் முடிந்ததும் பாட்டி உரைகல்லை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். விளக்குச் சுடரில் கருகச் சுட்ட வசம்பை முதலில் உரைத்தார். பிறகு மாசிக்காய், கடுக்காய், ஜாதிக்காய், சுக்கு, ஒவ்வொன்றும் இரண்டு சுற்று. தாய்ப்பால் நாலு சொட்டு விட்டுக் குழைத்ததில் பாதியைத் தொப்புளைச் சுற்றிப் பூசினார். மீதியைப் பாலாடையில் எடுத்துப் புகட்டினார். வீறிட்டுக்கொண்டிருந்த பிள்ளை கால் மணி நேரத்தில் தூங்கிவிட்டது. "மாந்தம் எறங்கிடுச்சு பாரும்மா" என்றார் மருமகளிடம்.

பிள்ளை தூங்கியது உண்மை. தூங்க வைத்தது பாலாடையில் போனதுதானா என்பதே என் கேள்வி. காரணம் பிடிபடாத இந்த அழுகை பிறந்த சில வாரங்களில் தொடங்கி, ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் அழுதால் அது இந்த வகை என்று 1954-இல் வெசல் என்ற மருத்துவர் அளவு வகுத்தார். தானே அடங்குகிற ஒன்றுக்கு எதைக் கொடுத்தாலும், கொடுத்ததற்கே நல்ல பேர். 1851-இல் இங்கிலாந்தில் பிறந்த கிரைப் வாட்டரும் இப்படித்தான் வீடு வீடாக நுழைந்தது. பழைய கலவையில் சாராயமும் இருந்தது.

உரை மருந்தின் நிஜமான பலம், என் பார்வையில், பாட்டியின் மடியில் இருக்கிறது. வெதுவெதுப்பான கை வயிற்றைத் தடவுகிறது. இரவெல்லாம் விழித்த தாய்க்கு ஒரு மணி நேரம் கண்ணயர முடிகிறது. இதற்கு ஈடாக எந்த மருந்துக் கடையிலும் ஒன்றும் விற்பதில்லை. வசம்பைச் சுடாமல் உரைக்கக் கூடாது என்று விதி வைத்தவர்களுக்கு அதன் கடுமையும் தெரிந்தே இருந்தது.

ஆனால் உள்ளே போகும் துளியை என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளை வளர்ப்பான் என்று பேர் பெற்ற வசம்பில் பீட்டா அசரோன் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. இந்திய வசம்பில் அது கூடுதல். அமெரிக்கா 1968-இலேயே உணவில் வசம்பைத் தடை செய்துவிட்டது. ஜாதிக்காய் மிஞ்சினால் மயக்கம் தரும். கடுக்காய் மலத்தை இளக்கும், மாசிக்காய் கட்டும். இரண்டும் ஒரே கல்லில், மலச்சிக்கலுக்கும் அதே, பேதிக்கும் அதே. நெசவுக்குக் கொடுக்கும் பட்டையும் சரிகையையும் எடை போட்டுக் கொடுத்து, சேலை முடிந்ததும் எடை போட்டு வாங்குகிற ஊர் இது. அங்கே மூன்று கிலோ பிள்ளைக்கு மருந்தின் அளவு மட்டும் பாட்டியின் கை அழுத்தம். ஈரம் காயாத கல்லில் கிருமி சேர்வது வேறு. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர தண்ணீர்கூட வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வது இதையெல்லாம் நினைத்துத்தான். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை, முதல் மாதம் கடந்தபின், சில நாள் வெளிக்குப் போகாமல் இருந்து பிறகு இளக்கமாகப் போனால் அது சிக்கலே அல்ல. அதற்கும் கடுக்காய் உரைக்கிறார்கள்.

இதைவிட என்னைக் கலங்க வைப்பது 'மாந்தம்' என்ற சொல். வாயுவும் மாந்தம், பேதியும் மாந்தம், குடலுக்குள் குடல் சொருகிக்கொள்வதும் மாந்தம். கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒன்றரை வயதுக்குள் வரும். பிள்ளை திடீரென்று காலை மடக்கி வீறிடும், சற்று ஓயும், மறுபடி வீறிடும். ஓய்ந்த நேரத்தில் மருந்து கேட்டுவிட்டது என்று வீடு நம்பிவிடுகிறது. வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு போவதும் இந்த நேரத்தில்தான். சீக்கிரம் மருத்துவமனைக்குப் போனால், ஆசனவாய் வழியே காற்றோ நீரோ செலுத்தி, கத்தி வைக்காமலே பல பிள்ளைகளுக்குக் குடலை விடுவித்துவிடலாம். தாமதித்தால் குடல் அழுகும். பச்சையாக வாந்தி, ஜெல்லி போல ரத்தம் கலந்த மலம், உப்பிய வயிறு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நடுராத்திரியானாலும் அரசு தலைமை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வெறும் பேதி என்றால் உப்பு சர்க்கரைக் கரைசலும் 14 நாள் துத்தநாக மாத்திரையும், அவற்றோடு நிறுத்தாமல் தாய்ப்பாலும்.

அந்தப் பாட்டியிடம் கல்லைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொப்புளைச் சுற்றிப் பூசுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் அம்மா என்று கேட்டேன். பாலாடையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தவர், "அப்ப வாயில எதுவுமே வேணாமா?" என்றார். அம்மா பால் மட்டும் என்றேன்.