பதிப்புரிமையும் மக்கள் உரிமையும்: புத்தளக் கரையிலிருந்து ஒரு நோக்கு

புத்தளம் மாவட்டக் கரையோரத்திலே, சிலாபத்துக்கு வடக்கே, உடப்பு என்னும் தமிழ் மீனவக் கிராமம் அமைந்துள்ளது. ஆடி மாதத்துத் திரௌபதை அம்மன் தீமிதிப்பால் அறியப்பட்ட இவ்வூர், கரைவலை இழுக்கும்போது பாடப்படும் அம்பாப் பாடல்களாலும் நாட்டார் இலக்கிய ஆர்வலரின் கவனத்தை ஈர்த்துள்ளது. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, வலைக்கயிற்றைப் பற்றி நிற்போர் அதனை வாங்கிப் பாடுவர். இழுவையின் வேகத்துக்கேற்பப் பாட்டின் நடையும் மாறும். இப்பாடல்களை முதலில் இயற்றியவர் யாரென எவரும் வினவுவதில்லை. தந்தையின் வாய்மொழியை மகன் கேட்டுப் பாடுகிறான்; பாடுகையில் ஓரடியைக் கூட்டுகிறான், ஓரடியைக் கைவிடுகிறான். கேட்டதைத் திருப்பிச் சொல்லுதலே இங்கு மரபைக் காக்கும் வழி.

ஏட்டிலக்கியமும் இதற்கு முற்றிலும் வேறானதன்று. இதே கரையில், கற்பிட்டியில் 1807 இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் திரட்டித் 'தமிழ் புளூட்டாக்' என்னும் ஆங்கில நூலாக 1859 இல் வெளியிட்டார். முன்னிருந்தோர் எழுத்துக்களையும் செவிவழிச் செய்திகளையும் கொண்டு அவர் கட்டிய அந்நூலை அடியொற்றி, 1886 இல் ஆணல்ட் சதாசிவம்பிள்ளை 'பாவலர் சரித்திர தீபக'த்தை விரித்தெழுதினார். முதனூல், வழிநூல், சார்புநூல் என வகுத்த நன்னூலார், முன்னோர் கருத்தை மட்டுமன்றி அவர்தம் சொல்லையும் அப்படியே எடுத்தாளுதல் அவர்க்குச் செய்யும் சிறப்பென்றே கொண்டார். ஒருவர் சொல்லை இன்னொருவர் எடுத்தல் எந்நிலையில் சிறப்பு, எந்நிலையில் களவு என்னும் வினா நமக்குப் புதியதன்று. அதற்கு விடை கூறும் அதிகாரம் இன்று யார் கையிற் சேர்ந்துள்ளது என்பதே புதியது. அவ்வதிகாரம் திரைத்தொழிலின் கைக்குச் சென்றமையும், அதனால் தனிமனித சுதந்திரத்துக்கு நேர்ந்த கேடும் இக்கட்டுரையில் நோக்கப்படுகின்றன.

இவ்விடயத்தில் தமிழகம் ஒருகாலத்தில் முன்மாதிரியாக விளங்கியது என்பதை முதலிற் கூறிவிட வேண்டும். பாரதியின் பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1948 இல் வெளிவந்த 'பில்ஹணன்' படத்தில் டி. கே. எஸ். சகோதரர்கள் பாரதி பாடலொன்றைப் பயன்படுத்தவே, செட்டியார் தரப்பிலிருந்து ஆட்சேபம் எழுந்தது. ஒரு கவிஞனின் பாட்டைப் பாடுவதற்குப் படநிறுவனமொன்றின் இசைவைப் பெறவேண்டுமா என்ற கேள்வி பொதுமேடைக்கு வந்தது. 1949 இல் சென்னை அரசாங்கம் அவ்வுரிமையைத் தன்வசப்படுத்தியது. 1955 இல் பாரதியின் எழுத்துக்கள் மக்களுக்கே உரியனவாயின. செட்டியாரும் ஈடு கேளாது உரிமையை விட்டுக்கொடுத்தார் என்பதைக் குறிப்பிடாது விடுவது நேர்மையாகாது. எழுத்தாளர்களும் வாசகரும் அரசாங்கத்தை நெருக்கினர். அரசாங்கம் பொதுநன்மையின் பக்கம் சாய்ந்தது.

அதன்பின் அரை நூற்றாண்டு கழிந்து அதே மாநிலத்தில் நடந்தது இதற்கு நேர்மாறானது. 1982 இல், எம். ஜி. இராமச்சந்திரன் முதலமைச்சராக இருந்தபோது, தமிழகச் சட்டமன்றம் அவ்வாண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருட் குற்றவாளிகள், குண்டர்கள் முதலியோரை விசாரணையின்றித் தடுத்துவைக்க வகைசெய்த அது, மக்கள் வழக்கில் 'குண்டர் சட்டம்' எனப்பட்டது. 2004 இல், செல்வி ஜெ. ஜெயலலிதாவின் ஆட்சியில், திரைத்தொழிலின் வேண்டுகோளை அடுத்து, இப்பட்டியலில் வீடியோக் களவு செய்வோரும் சேர்க்கப்பட்டனர். சட்டத்தை ஆக்கியவரும் அதனை விரித்தவரும் திரையுலகிலிருந்து ஆட்சிக்கு வந்தவர்கள். (முன்னவர் நம் நாட்டில் பிறந்தவர் என்பதில் நம்மவர்க்கு ஒரு பெருமிதம் உண்டு, அப்பெருமிதத்தோடு இதனையும் சேர்த்தே எண்ணுதல் நலம்.) ஒரு தொழிலின் நலனும் ஓர் அரசின் அதிகாரமும் இவ்வளவு அணுக்கமாக வந்து பொருந்திய இடங்கள் உலகில் மிகச் சிலவே.

இத்திருத்தத்தின் சொல்லமைப்பை ஊன்றி நோக்குதல் வேண்டும். பதிப்புரிமையை மீறுவோர் அனைவரையும் அது சுட்டவில்லை. திரைப்படத்தையும் அதன் ஒலிப்பதிவையும் படிசெய்வோரே அதன் இலக்கு. ஏழை எழுத்தாளனின் நாவலை அச்சிட்டு விற்கும் பதிப்பாளனை அது தீண்டாது. ஓவியத்தைக் களவாடுவோனும் நாடகப் பிரதியைத் தன்பெயரில் மேடையேற்றுவோனும் சாதாரணச் சட்டத்தின் முன்னே சாதாரணக் குற்றவாளிகள். படத்தைப் படிசெய்தவனுக்கு மட்டும் பன்னிரண்டு மாதம் வரை விசாரணையற்ற தடுப்பு. அவன் குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டியதில்லை. தடுப்பாணையைப் பரிசீலிக்கும் ஆலோசனைக் குழுவின் முன் வழக்கறிஞரைத் துணைக்கொள்ளும் உரிமையும் அவனுக்கு இல்லை. ஆக, இச்சட்டம் காப்பது படைப்பாளியை என்று கூறுதல் பொருந்தாது. படைப்பாளர் கூட்டத்தில் ஒரேயொரு பிரிவினர், அவருள்ளும் முதலிட்டோர், தமக்கெனத் தனிக்காவல் பெற்றனர் என்பதே உண்மை. 2009 இல் மகாராட்டிரமும் 2014 இல் கருநாடகமும் இவ்வழியைப் பின்பற்றின. பம்பாயும் பெங்களூரும் திரைத்தொழில் நிலைகொண்ட நகரங்கள் என்பது தற்செயலன்று.

படத்தை முதல்நாளே களவாகப் பதிந்து ஆயிரக்கணக்கில் விற்றுப் பொருளீட்டும் வணிகரை நாம் ஆதரிக்கவில்லை. அவர்தம் செயலால் முதலாளி மட்டுமன்றி ஒளிப்பதிவுக் கூலியாளும் கொட்டகை ஊழியரும் இழப்படைகின்றனர். எனினும் அதனைத் தண்டிக்க இந்தியாவில் 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. அதில் சிறைத்தண்டனையும் உண்டு. அச்சட்டத்தில் இருந்து, குண்டர் சட்டத்தில் இல்லாதது ஒன்றே: நீதிபதி. விற்றவன் யார், வாங்கியவன் யார், வீட்டில் வைத்துப் பார்த்தவன் யார் என வேறுபடுத்திக் காண்பது நீதிபதியின் தொழில். அவரை விலக்கியபின் எஞ்சுவது 'திருட்டு' என்னும் அடைமொழி மட்டுமே. 'திருட்டு வி.சி.டி.' என்ற தொடர் தமிழகச் செய்தித்தாள்களிற் புழங்கிய விதத்தைக் கவனித்தோர், அது குற்றச்சாட்டாக அன்றித் தீர்ப்பாகவே வழங்கியமையை உணர்வர். திருடப்பட்ட மாடு உடையவனிடம் இராது. படிசெய்யப்பட்ட படமோ உடையவனிடமும் இருக்கிறது. அவன் இழந்தது வருவாயை. அதனை ஈடுசெய்யும் வழி வேறு.

பெயரில்லாத மனிதனொருவனும் இவ்வரலாற்றில் உண்டு. யாரென அறியப்படாதோர் மீது தடையுத்தரவு கோரும்போது ஆங்கிலேயர் 'ஜோன் டோ' என்னும் புனைபெயரை எழுதுவர். இந்திய நீதிமன்றங்களில் அவன் 'அசோக் குமார்' ஆனான். 2012 மார்ச்சில் '3' என்னும் தமிழ்ப் படம் வெளியாகும் தறுவாயில், அதன் தயாரிப்பாளர் சென்னை உயர் நீதிமன்றத்தில் அசோக் குமார்களுக்கு எதிராக உத்தரவு பெற்றனர். அவ்வுத்தரவைக் கையிற்கொண்ட இணையச் சேவை நிறுவனங்கள் மே மாதத்தில், குறித்த படத்தோடு யாதொரு தொடர்புமற்ற பல்லாயிரம் ஆக்கங்களைத் தாங்கிய விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களை முழுமையாகவே அடைத்தன. யூன் 9 இல் இந்திய நகரங்கள் சிலவற்றில் இளைஞர் முகமூடியணிந்து வீதிக்கு வந்தனர். யூன் 22 இல் நீதிமன்றம், குறிப்பிட்ட பக்க முகவரிகளை மட்டுமே தடுக்கலாம் எனத் தெளிவுபடுத்தியது. இடைப்பட்ட காலத்தில் வாயடைக்கப்பட்டோருக்கு எவரும் ஈடு வழங்கவில்லை. இதிலொரு முரண்நகையும் உண்டு. அதே படத்தின் 'கொலைவெறி'ப் பாடல் 2011 நவம்பரில் உலகெங்கும் பரவியது, கசிந்த படியொன்றைத் தொடர்ந்தும், மக்கள் ஒருவர்க்கொருவர் அனுப்பி மகிழ்ந்ததாலுமே. பரவல் இலாபம் தந்தபோது அது விளம்பரம், தராதபோது குற்றம்.

ஒரு படத்துக்காகத் தளங்களை அடைக்கப் பழகிய கை, வேறு காரணத்துக்காகவும் அடைக்கும். 2019 மே மாதம் நமது சிலாபத்தில் முகநூற் கருத்தொன்றை அடுத்து வன்செயல் மூண்டபோது, நாடு முழுவதும் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டன. தாக்கப்பட்டவரும் உறவினரை விசாரிக்க வழியற்றுப் போயினர். 2024 இல் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டத்திலும் அணுகலை முடக்கும் ஏற்பாடுகள் இடம்பெற்றன. இவை பதிப்புரிமை பற்றியன அல்ல. ஆயினும் கருவி ஒன்றே.

நமது நாட்டுச் சட்டத்தை நோக்குவோமாயின், 1979 ஆம் ஆண்டு குறிக்கத்தக்கது. அவ்வாண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் பயங்கரவாதத் தடைச் சட்டம். 52 ஆம் இலக்கச் சட்டம் புலமைச் சொத்துக் கோவை. ஒன்று மனிதரை விசாரணையின்றி 18 மாதங்கள் வரை தடுத்துவைக்க இடமளித்தது (2022 இல் இது 12 மாதங்களாகக் குறைக்கப்பட்டது). மற்றையது ஆக்கங்களுக்குக் காவலிட்டது. தமிழகத்தைப் போன்று இவ்விரண்டும் இங்கு ஒன்றிணையவில்லை என்பது ஆறுதல். ஆனால் 1991 இல் ஐக்கிய அமெரிக்காவுடன் செய்த உடன்படிக்கையும், பின்னர் உலக வர்த்தக அமைப்பின் 'திரிப்ஸ்' உடன்படிக்கையும் நம்மை ஒரு திசையிற் செலுத்தின. 2003 இல் புதிய சட்டமூலம் வந்தபோது, திரிப்ஸ் வளர்முக நாடுகளுக்கு விட்டுவைத்த சலுகைகளைக்கூட அது கைவிட்டமை சமத்துவ உரிமைக்கு முரணென நமது உயர் நீதிமன்றம் கண்டது. மருந்து பற்றிய அக்கரிசனை பதிப்புரிமைப் பகுதிக்கு எட்டவில்லை. திரிப்ஸின் 61 ஆம் உறுப்புரை, வணிக அளவிலான வேண்டுமென்றே செய்யும் மீறலுக்கே குற்றவியல் தண்டனையை வற்புறுத்துகின்றது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டத்தின் 178 ஆம் பிரிவோ, வணிக அளவு என்னும் எல்லையை வகுக்காது, வேண்டுமென்றே மீறும் எவரையும் நீதவான் ஐந்து இலட்சம் ரூபா வரையான தண்டத்துக்கோ ஆறு மாதச் சிறைக்கோ உட்படுத்த இடமளிக்கின்றது. பாதுகாப்புக் காலமும் ஆசிரியரின் ஆயுளுக்குப்பின் 50 ஆண்டுகளிலிருந்து 70 ஆக நீண்டது.

புத்தளக் கரையில் இதன் பொருள் என்ன? எண்பதுகளில் வீடியோ நாடா வந்தபின் இக்கரையின் மீன்வாடிகளிலும் மணவீடுகளிலும் ஓடிய தமிழ்ப் படங்களிற் பெரும்பாலானவை அனுமதியற்ற படிகளே என்பதை இங்கு வளர்ந்தோர் எவரும் அறிவர். 1983 யூலையில் ஹெந்தளை விஜயா படப்பிடிப்பு நிலையம் எரியூட்டப்பட்டபோது மூலப்பிரதிகளும் எரிந்தன. 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பகுதியினர் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்து சேர்ந்தனர். யாழ்ப்பாணத்தினின்று வந்தோருக்கு வழங்கப்பட்ட அவகாசம் சில மணிநேரமே. நூலும் நாடாவும் சுமந்துவர அது போதுமா? இத்தகைய மக்களிடையே, வேறெங்கோ ஒருவர் எடுத்துவைத்த படியே பலவேளை எஞ்சிய ஒரே பிரதி. 2005 முதல் நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களைப் படியெடுத்துக் காத்து வருகின்றது. உரியவரின் இசைவைத் தேடியே அது இயங்குகின்றது. இடம்பெயர்ந்து சிதறிய ஆசிரியரின் உரிமையாளரை 70 ஆண்டுகளுக்கு எங்கே தேடுவது?

உப்புப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரித்தானியர் ஆட்சியில் உப்பு அரசின் ஏகபோகமாயிருந்தது. புத்தளம் உப்பளங்கள் அதன் முக்கிய நிலைக்களங்களுள் அடங்கின. உவர்நிலத்திலே வெயிலும் கடல்நீரும் விளைத்த உப்பை உத்தரவின்றி அள்ளுவோன் குற்றவாளி. உப்பளத்தில் உழைத்தோரின் கூலியைக் காக்க அன்று எவரும் காவலர் வைக்கவில்லை. காவல் இருந்தது வருவாய்க்கே.

உடப்பின் அம்பாப் பாடலுக்குத் திரும்புவோம். 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24 ஆம் பிரிவு நாட்டார் வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்பு அளிக்கின்றது. வணிக நோக்கிலோ மரபுச் சூழலுக்குப் புறம்பாகவோ அவற்றைப் பயன்படுத்துவோர் கட்டணஞ் செலுத்தி இசைவு பெறவேண்டும். அவ்விசைவை வழங்கும் உரிமை பாடிய மக்களிடம் இல்லை. அமைச்சர் தீர்மானிக்கும் அதிகாரபீடத்திடமே உள்ளது. படநிறுவனத்தின் ஒலிப்பதிவைப் படிசெய்தால் நிறுவனமே வழக்காடலாம். உடப்புக் கரையின் பாட்டைப் படநிறுவனமொன்று எடுத்தாண்டால், உடப்பார் கொழும்புக்கு விண்ணப்பமொன்று எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எடுத்தாண்ட பாடலின் ஒலிப்பதிவு நிறுவனத்தின் சொத்தாகிவிடும். அப்பதிவை ஊர்த் திருவிழாவில் ஒலிபரப்ப உடப்பாருக்கே இசைவு தேவைப்படலாம்.